அண்ணனின் சோப்புக் கடைக்கு முதல் போட்டவர்

பதினாறாம் நாள் காரியத்திற்கு வந்து, எங்களோடு இலையில் அமர்ந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். அண்ணனுடைய பொறுமையையும் பக்தியையும் அவருடைய பிள்ளைகள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முந்திய சில மாதங்களைப் பற்றி எழுத இன்று என்னைத் தவிர யாருமில்லை. அப்போது அண்ணனின் கடையில் சோப்பு வெட்டி அடுக்கியவள், அவருடைய ஒரே தங்கையான நான்.

அண்ணன் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அப்பா இறந்தபின் அம்மா எங்கள் இருவரையும் மலாக்காவின் காஜா பேராங்குக்கு அழைத்து வந்தார். அண்ணன் ஒரு சீன மொத்த வியாபாரியிடம், தவுக்கே என்போம், தேங்காய் எண்ணெய் கடனுக்கு எடுத்து விற்றார். விற்றபின் பணம் கட்டினால் போதும். சொந்த முதல் இல்லாமலே நான்கு வருடம் தொழில் நடந்தது.

ஜப்பான்காரன் வந்த வாரத்திலேயே தவுக்கேயின் கடை பூட்டப்பட்டது. அவர் எங்கே போனார் என்று கேட்க யாருக்கும் வாய் எழவில்லை. சரக்குக் கடன் அத்தோடு நின்றது.

ஊரில் சோப்பு கிடைக்காத காலம் அது. அண்ணன் தேங்காய் எண்ணெயில் சாம்பல் நீர் ஊற்றிக் காய்ச்சி, உப்புப் போட்டு இறுக்கி, சோப்பு செய்யக் கற்றுக்கொண்டார். கோயிலில் ஓர் அண்டாவை இரவல் வாங்கி, சாலையோரம் சிறு கடை பிடித்தார். காய்ச்சியது அன்றன்றே விற்றது. ஆனால் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டின் மதிப்பு கையில் தங்கத் தங்க இளைத்தது. இன்று விற்ற பணத்தில் நாளை அதே அளவு தேங்காய் வாங்க முடியவில்லை. மொத்தமாகத் தேங்காய் வாங்கிப் போட முதல் தேவைப்பட்டது. பண்டார் ஹிலிரில் வட்டிக்குக் கொடுப்பவர் நகையை அடகு கேட்டார். அம்மாவிடம் இருந்தது ஒரு ஜோடித் தோடுதான்.

ஒரு நண்பகலில் அவர் வந்தார். வெள்ளைக் கோட்டு, சுத்தமான செருப்பு. அந்த வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. நல்ல தமிழ் பேசினார், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று தெரியவில்லை.

"தொழில் நல்லா போகுது. முதல்தான் பத்தல, இல்லையா தம்பி?"

"ஆமாங்க ஐயா."

"நான் போடறேன். வட்டி வேணாம், பத்திரமும் வேணாம். லாபத்துல பாதி. கடையில எனக்கு ஒரு நாற்காலி மட்டும் இருக்கட்டும்."

அண்ணன் அன்று முழுவதும் யோசித்தார். "கடன்னா, வித்தாலும் விக்காட்டியும் கட்டணும். பங்குன்னா லாபம் வந்தாத்தான் குடுக்கணும். நட்டத்துல அவரும் பாதி தாங்குவாரு. இதுதான் நமக்கு நல்லது" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாள் பணக்கட்டு வந்தது. நாற்காலியையும் அவரே கொண்டு வந்து போட்டார்.

அதன்பின் வாரம் ஒருமுறை நண்பகலில் வந்து அதில் உட்காருவார். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சரக்கைத்தான் பார்ப்பார். சுவரோரம் அடுக்கிய தேங்காய், எண்ணெய் டின்கள், சோப்புப் பாளங்கள் என்று அவர் கண் ஒவ்வொன்றாக நகரும். என் மேலோ அண்ணன் மேலோ அது நின்றதேயில்லை. எங்களை ஏற்கெனவே கழித்துவிட்டதுபோல் இருக்கும்.

ஒரு நாள் சைக்கிள் கடைக்காரரின் மனைவி சோப்பு வாங்க வந்தார். அவருடைய கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். வாசற்படியில் கால் வைத்தவர் உள்ளே வரவில்லை.

"அந்த நாற்காலி எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"எங்க பங்குக்காரர் கொண்டு வந்தாரு, அக்கா."

"கைப்பிடியில சைக்கிள் ட்யூப் சுத்தியிருக்கு பாரு. அது எங்க வீட்டுக்காரர் சுத்தினது. எங்க கடையிலயும் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர்தான் முதல் போட்டாரு. கடை நிறையச் சரக்கு சேர்ந்தது. மறு வாரம் மத்தியானம் லாரி வந்துச்சு. சாயங்காலமே அந்தக் கோட்டுக்காரர் வந்து, 'பங்காளி இல்ல, இனி எல்லாம் என்னோடது'ன்னு அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு."

அந்த அக்கா சோப்பு வாங்காமலே திரும்பிப் போனார். அண்ணன் எங்கள் சரக்கைப் பார்த்தார். கடை நிறைந்துதான் இருந்தது.

அடுத்த முறை பங்குக்காரர் வந்தபோது அண்ணன் பணக்கட்டை நீட்டினார். அதற்காக அம்மாவின் தோடு போயிருந்தது.

"ஐயா, உங்க முதலை எடுத்துக்குங்க. தனியாப் பார்த்துக்கறேன்."

"குடுத்த பணத்தை நான் திருப்பி வாங்கறதில்ல, தம்பி" என்று அவர் சிரித்தார். "கடன் இல்லையே இது, பங்கு. பங்கு தொழில் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

அவர் போனபின் அண்ணன் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு, "தொழில் இருக்கிற வரைக்கும்தானே? அப்ப தொழிலே இருக்கக்கூடாது" என்றார்.

மூன்றே நாளில் கடையைக் கலைத்தார். அண்டா கோயிலுக்குத் திரும்பியது. தேங்காய், எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் வீடு வீடாகக் கொடுத்தார். பக்கத்துக் குடியிருப்பான கம்போங்கில், மலாய் மட்டுமே பேசும் மலாக்கா செட்டி சமூகத்துப் பெண்மணி ஒருவர், பீபி என்போம், தயங்கி, இன்றைக்குப் பணமில்லை என்று மலாயில் சொன்னார். "பணம் வேண்டாம். பிறகு நான் வந்து கேட்டால் தேங்காயாகக் கொடுங்கள்" என்று அண்ணனும் மலாயில் சொல்லிவிட்டு வந்தார். கடையில் நான்கு சுவரும், அந்த நாற்காலியும், அதன் மேல் பணக்கட்டும் மிஞ்சின.

அவர் வந்தார். சுவர்களைப் பார்த்தார். உட்கார்ந்தார். அன்றுதான் முதல்முறையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, பணத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பட்டப்பகலில் ஒரு மனிதர் நாற்காலியோடு நடந்து போகிறார், சாலையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் லாரி எங்கள் வாசலில் நின்றது. அண்ணன் ஓடவில்லை, கதவோரம் நின்றார். இறங்கி வந்த இருவர் அவரைத் தாண்டி உள்ளே வெறும் தரையைப் பார்த்தார்கள். தேடி வந்த கடை இது இல்லை என்பதுபோல் ஏதோ பேசிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள்.

சில நாள் கழித்து நான் அதே சாலையிலிருந்த தையற்கடை வழியே போனேன். உள்ளே, துணிக் கட்டுகளுக்கு நடுவில், அந்த நாற்காலி கிடந்தது. ஓடி வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"தையற்காரர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"வேணாம். நாமதான் சொன்னோம்னு தெரிஞ்சா லாரி திரும்பி வரும். அம்மாவை நினைச்சுப் பாரு."

நான் போகவில்லை. அண்ணனும் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு நண்பகலில் தையற்காரரை ஏற்றிப் போனார்கள். பெடல் மிஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே இருந்தது என்றார்கள். அவர் திரும்பவேயில்லை. அந்தப் பங்குக்காரரையும் போருக்குப் பின் யாரும் பார்க்கவில்லை. அவர் பெயரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

போர் முடிந்ததும், அன்று சரக்குக் கொடுத்த வீடுகளிலிருந்து தேங்காய் வந்தது. பீபிதான் முதலில் கொடுத்தார். அதை முதலாக வைத்து அண்ணன் மீண்டும் தொடங்கி, முப்பது வருடம் எண்ணெய் வியாபாரம் செய்தார். அன்றாடச் செலவுக்கு அன்றாட விற்பனை, மிஷின் வாங்கச் சேமிப்பு, அதுவும் போதாவிட்டால் வங்கிக் கடன். கூட்டு மட்டும் யாரிடமும் சேரவில்லை. வங்கி அதிகாரி கடுமையானவர் என்று பிள்ளைகள் குறைப்பட்டபோது, "அவர் என்னென்ன கேப்பாருன்னு எல்லாம் காகிதத்துல இருக்கு. அது போதும்" என்றார்.

தையற்காரரின் மகளைப் படிக்கவைத்தது அண்ணன்தான். அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அவர்தான். அவருடைய இளகிய மனம் என்று ஊர் சொன்னது. இளகிய மனம்தான். ஆனால் அது மட்டுமல்ல. அவளுடைய வீட்டுக்குப் போய்வரும் நாட்களில் அண்ணன் சாப்பிடமாட்டார். மருத்துவமனையில் கடைசி வாரம் என் கையைப் பிடித்து, "நீயாவது சொல்லிடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த அண்டைவீட்டாருக்கும், புக்கிட் காதில், பத்து பெரெண்டாம் ஆகிய ஊர்களிலிருந்து தினமும் வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தையற்காரரின் மகளே, அண்ணன் இறந்த முதல் நாளே நீ சமைத்து எடுத்து வந்தாய். "மாமா எனக்கு அப்பா மாதிரி அத்தை" என்று என் தோளில் அழுதாய். அப்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகும் என் வீட்டுக்கு வர உனக்கு மனமிருந்தால் வா, அம்மா. வராவிட்டால், அதுவும் நியாயம்தான்.