ஃபோகஸுக்கு உட்கார்ந்தவன்

போன மாதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இதற்கெல்லாம் ஒரு பத்தியா என்று கேட்காதீர்கள். உட்கார்ந்த இடம் அப்படி. எழுதலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேன். போன வாரம் நான் கேஸ் அடுப்பு லைட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்களுக்கு என்ன சார் ஆச்சு?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதுதான் ஆச்சு, அம்மா.

முதலில் என் குருவை அறிமுகப்படுத்தி விடுகிறேன். பெயர் இலக்கியா. என் மகளைவிடச் சின்னவர். தஞ்சாவூரில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று டிஜிட்டலில் படமெடுத்துச் சம்பாதிப்பவர். சம்பாதித்ததை எல்லாம் கொண்டுபோய் ஒரு பெரிய பழைய கேமராவில் கொட்டுபவர். மரப்பெட்டி, துருத்தி மாதிரி மடிப்பு, மூன்று கால் ஸ்டாண்ட், தலையோடு போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. அதற்கு ரோல் கிடையாது. கிட்டத்தட்ட போஸ்ட் கார்டு அளவில் ஒற்றை ஒற்றை ஷீட்டாக ஃபிலிம். ஒரு சட்டத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. தீர்ந்தது.

செல்போனில் கண்டபடி படமெடுத்துத் தள்ளுகிறோம், ஒன்றையாவது திரும்பப் பார்க்கிறோமா என்று இந்தப் பத்தியில் ஒரு தடவை புலம்பியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "வந்து பாருங்க சார். ஒரு படம் எடுக்க அரை நாள் ஆவும்" என்று கூப்பிட்டார். போனேன். மாட்டிக்கொண்டேன். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு அரை நாள் போவது பெரிய விஷயமில்லையே!

இலக்கியாவின் பாடத்திட்டம் விசித்திரமானது. கேமராவைத் தொடவே விடவில்லை.

"மொதல்ல இதுக்கு முன்னாடி உக்காந்து பழகுங்க சார். அசையாம உக்கார்றது எம்புட்டுக் கஷ்டம்னு தெரிஞ்சாத்தான் அடுத்தவங்கள உக்காரச் சொல்ல முடியும்."

ஆகவே மாதக்கணக்கில் நான் பார்த்த வேலை, ஃபோகஸுக்கு உட்காருவது. படம் எடுக்கப்பட வேண்டியவர் வருவதற்கு முன்னால் அவர் இடத்தில் நான் உட்காருவேன். இலக்கியா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் என்னைப் பார்த்துத் ஃபோகஸ் வைப்பார். பிறகு நான் எழுந்துவிடுவேன், உரியவர் உட்காருவார். டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுதான் நான்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "படம் புடிக்கிற நேரத்துல நான் கேமராவுக்குப் பின்னாடி இருக்க மாட்டேன், பக்கத்துலதான் நிப்பேன். உக்காந்திருக்கறவங்க லென்ஸைப் பாக்கறது இல்ல சார்... பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்களத்தான் பாப்பாங்க. அது மூஞ்சியில தெரிஞ்சிடும்."

ஆஹா, பத்தியில் போட நல்ல வரி என்று குறித்துவைத்துக்கொண்டேன். நமக்குத்தான் எதைக் கேட்டாலும் பத்தி நினைப்பாயிற்றே.

ஒருநாள் இலக்கியா சொன்னார்: "ஞாயித்துக்கெழம எங்க ஊருக்குப் போறோம் சார். எங்க தாத்தாவ எடுக்கணும். இந்தக் கேமராவ நான் கத்துக்கிட்டதே அதுக்குத்தான். குறுவை நல்லா வெளைஞ்சு நிக்கிது. திங்கக்கெழம அறுப்பு மெஷின் வந்துரும். அவரு வயலுக்கு முன்னாடி அவர உக்கார வச்சு, ஒரே ஒரு படம்."

"எந்த ஊரும்மா?"

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். நான் டீயைக் குடித்தேன்.

அது என் ஊர். இன்னும் சரியாகச் சொன்னால், என் அப்பாவின் ஊர். அப்பா அங்கே மிராசுதார். எனக்குப் பால் பல் விழாத வயதிலேயே என் பெயரில் நிலம் உண்டு. நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் அப்பா வீட்டில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று எல்லார் பெயருக்கும் பிரித்து எழுதினார். கோட்டையில் யார் முதலமைச்சராக வந்தாலும் அப்பாவின் கவலை இது ஒன்றுதான். ஊரில் செங்கொடி ஏறியது, அறுப்புக் கூலிக்குச் சண்டை வந்தது, போலீஸ் வந்து கூடாரம் போட்டது. கடைசியில் ஒரு துண்டு நிலம் உபரி என்று கைவிட்டுப் போய், அதில் உழைத்தவர்களுக்கே பட்டாவானது. சாகும்வரை அப்பா அதை 'நம்ம தெக்கு வயல்' என்றுதான் சொன்னார்.

இலக்கியாவிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்னைக் கூட்டிப்போக மாட்டார் என்று பயம். அங்கே யாருக்கும் என்னை அடையாளம் தெரியப்போவதில்லை என்று ஒரு அசட்டுத் தைரியம். நான் ஊரைவிட்டு வந்தபோது தலையில் முடி இருந்தது!

போய்ச் சேர்ந்தோம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெற்கு வயல்தான். வாய்க்கால் அதே வாய்க்கால். கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது.

தாத்தா வீட்டுக்குள் தயாராகிக்கொண்டிருந்தார். இலக்கியாவின் அம்மா அவருக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுப்பது வாசலிலிருந்து தெரிந்தது. வீட்டிலிருந்த கை வைத்த மர நாற்காலியைத் தூக்கி வந்து வரப்பை ஒட்டிய மேட்டில் போட்டோம். இலக்கியா ஸ்டாண்டை ஊன்றி, துணிக்குள் புகுந்தார்.

"சார், உக்காருங்க."

உட்கார்ந்தேன். காலை வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. கேமராப் பையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும், லென்ஸில் வெயில் விழாமல் மறைப்பதற்கு. அதை எடுத்து எனக்கு விரித்துக்கொண்டேன். வசதியாகச் சாய்ந்தேன். கால்மேல் கால் போட்டேன்.

இப்போது நீங்களே கண்ணை மூடி ஒருதரம் பாருங்கள். விளைந்த வயல். மேட்டில் ஒரு நாற்காலி. அதில் குடை பிடித்துக் கால்மேல் கால் போட்ட ஒருவன். மூஞ்சி அவன் அப்பாவின் மூஞ்சி.

"குடைய மடக்குங்க சார், இருட்டா இருக்கு" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. மடக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் காத்தமுத்து வந்துவிட்டார்.

காத்தமுத்து, அதாவது இலக்கியாவின் தாத்தா. வரப்பில் நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். காலிலிருந்த புதுச் செருப்பைக் கழற்றினார். தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டு இறங்கி அக்குளுக்குள் போயிற்று. உடம்பு கொஞ்சம் குனிந்தது.

"கும்புடுறேனுங்க ஆண்டே."

பண்ணை ஆட்கள் மிராசுதாரைக் கூப்பிடுகிற வார்த்தை அது. சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. சொந்தப் பட்டா நிலத்தில், சொந்த வரப்பில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் ஒரு மனிதர்.

நான் உடனே எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன். காரணத்தையும் சொல்லித் தொலைக்கிறேன்... அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நன்றாக இருந்தது. ஆமாம். உள்ளுக்குள் எங்கோ குளுகுளுவென்று இருந்தது. சமத்துவம், சுயமரியாதை என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதாத எழுத்தா? அத்தனையையும் படித்த நீங்கள் இதையும் படித்துவிடுங்கள்.

இலக்கியா துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். தாத்தாவைப் பார்த்தார். கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தாத்தா, இவரு ஆருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? பெரியாண்டே மவன். அச்சுல வார்த்த மாதிரி அப்புடியே இருக்காக."

"சார்... இது உங்க ஊரா?"

"ம்" என்றேன். அப்போதுதான் எழுந்து கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், குடையோடு.

இலக்கியா என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட நேரமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "தாத்தா, வந்து உக்காரு" என்றார்.

"அவுக உக்காரட்டும்மா. நான் பக்கத்துல நிக்கிறேன். அதான் பாக்க லெச்சணமா இருக்கும்."

"இது ஒன் படம் தாத்தா!"

"இருக்கட்டுமே... அவுக உக்காந்த நாக்காலி."

கெஞ்சிப் பார்த்தார் இலக்கியா. பெரியவர் அசையவில்லை. எனக்குச் சங்கடம் தாங்கவில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பொடியன்கள்கூட இப்படிப்பட்ட பெரியவர்களை 'டேய்' என்று கூப்பிட்ட ஊர் அது. எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அட, உட்காருங்கன்னா உட்காருங்களேன்!" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். சொன்ன மாத்திரத்தில்.

நாற்காலியின் நுனியில். இரண்டு கையும் முழங்காலுக்கு நடுவில். கண் என் மேல். இலக்கியா ஃபிலிம் சட்டத்தைச் செருகி, பக்கத்தில் வந்து நின்று, ஷட்டரை அழுத்தினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன் பாருங்கள்!

இலக்கியா என்னைத் தனியாக அழைத்தார். "கூலியக் கேட்டதுக்காக செயிலுக்குப் போனவரு சார் எங்க தாத்தா. ஊருக்கு முன்னாடி கொடி புடிச்சு நின்னவரு. இப்ப அவரு போட்டோவுக்கு உக்காரல. நீங்க சொன்ன வேலையச் செஞ்சுக்கிட்டிருக்காரு."

கையிலிருந்த குடையை அப்போதுதான் மடக்கினேன்.

"சட்டத்துல இன்னும் ஒரு ஷீட்டுதான் இருக்கு. நாளைக்கு இந்த வயலு இப்படி நிக்காது. நீங்க இங்க நிக்காதீங்க சார். அந்த மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி போயிடுங்க. அவரு கண்ணுல படாதீங்க."

போனேன். மாதக்கணக்கில் படித்த மாணவன், ஆசிரியர் எடுக்கப்போகும் முக்கியமான படத்தைப் பார்க்கக்கூடாது என்று வெளியே அனுப்பப்பட்டான். செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். அங்கிருந்து எதுவும் தெரியாது. ஆனால் கேட்கும்.

காத்தமுத்துவின் குரல் கேட்டது. அதுவரை நான் கேட்காத குரல். கணீரென்று, கொஞ்சம் கரகரப்பாக.

"போயிட்டானா அவன்?"

"போயிட்டாரு தாத்தா."

"பாத்தியா... அப்பன மாதிரியே கொடையப் புடிச்சுக்கிட்டுக் குந்தியிருக்கான். ச்சை! அவனக் கண்டதும் இந்தப் பாழாப்போன கையி தானா துண்ட எடுக்குது பாரேன். எத்தன கூட்டத்துல பேசியிருக்கேன், இந்தக் கைக்குப் புத்தி வல்லியே!"

'அவன்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. 'என்ன இது, இப்படிப் பேசுகிறார்?' என்று ஒரு கணம் ரத்தம் ஏறியது. இன்று மொத்தத்தில் எதற்கு அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், நாற்காலிக்கு அல்ல, இந்தச் சுருக்குக்குத்தான். அவர் கை தானாகத் துண்டை எடுத்தது என்று அவர் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். என் ரத்தம் தானாக ஏறியதற்கு நான் என்ன செய்தேன்? சுவருக்குப் பின்னால் நின்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு மெல்லிசாக ஒரு 'டிக்'.

திரும்பும் வழியில் அடுத்த வாரம் வரச் சொல்வாரா, பாடம் இத்தோடு முடிந்ததா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தஞ்சாவூரில் இறக்கிவிடும்போது, "படத்த கழுவறப்ப வாங்க சார். இந்த ரெண்டையும் நீங்க பாக்கணும்" என்றார்.

போனேன். இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் ஒரு வயோதிகர் நாற்காலி நுனியில் ஒடுங்கியிருக்கிறார். பார்வை லென்ஸுக்குச் சற்றுத் தள்ளி, நான் நின்ற இடத்தில். இரண்டாவதில் காத்தமுத்து. துண்டு தோளில், செருப்பு காலில், கால்மேல் கால். அப்போதுதான் யாரையோ திட்டி முடித்த திருப்தி முகத்தில். ஒவ்வொரு நெல் கதிரும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல அவர் முதுகுக்குப் பின்னால் வயல்.

"பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு மூஞ்சியில தெரியும்னு சொன்னேன்ல?" என்றார் இலக்கியா. சொன்னார். நான்தான் அதைப் பத்திக்குக் குறித்துக்கொண்டு, பாடமாகப் படிக்காமல் விட்டுவிட்டேன். சில பேரை நல்ல படமாக எடுக்க வேண்டுமென்றால் நம்மைப் போன்றவர்கள் ஃபிரேமைவிட்டு மட்டும் விலகினால் போதாது, வயலைவிட்டே போக வேண்டும்.

இந்தப் பத்தியோடு அந்த இரண்டாவது படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இலக்கியா ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது தாத்தாவுக்குத் தெரியாது.

"எதுக்கு எம் படம்? அவன் கொடையப் புடிச்சுக்கிட்டுக் குந்தியிருந்தான்ல... அதப் போட்டுக்கச் சொல்லு."

அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதிவிட்டேன்.