மயில்வாகனத்தாரின் காருக்கு நல்ல தண்ணீர்

பூநகரியில் சவர்க்காரத்துக்குச் சனம் அலைந்த காலத்திலும் நாள் தவறாமல் குளித்த ஒரே சீவன் என் அத்தானின் கார்தான். அத்தான் என்றால் என் அக்கா கமலாசனியின் புருஷன், மயில்வாகனத்தார். கார் என்றால் கறுப்பு மொறிஸ் மைனர். அக்காவைக் கைப்பிடிக்க முன்பே அவர் அதைக் கைப்பிடித்துவிட்டார். தண்ணீர் அள்ளுகிற உத்தியோகம் எனக்கு. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது மற்றவர்கள் பாயையும் பானையையும் கட்டினார்கள். அத்தான் இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டினார். மேலே பலகை போட்டு, காரை ஏற்றி, கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிக்கு வந்தார். அலை அடித்ததில் கார் அரைவாசி நனைந்தது, அக்கா முழுவதும் நனைந்தாள். கரையில் இறங்கியதும் அத்தான் தோளிலிருந்த சால்வையை உருவிக் காரைத் துடைத்தார். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

அன்று பட்ட உப்பு காரைத் தின்றுவிடும் என்பதுதான் அவருடைய ஒரே பயம். பயப்படவும் வேண்டும். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடினாலும், வாடகைக்குப் போய் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்தக் கார்தான். மகள் கௌசலா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான்.

"என்ரை பெட்டை கலியாணம் முடிச்சுப் போறதும் இதிலைதான். ட்ரக்டர் பெட்டியிலை ஏத்தி அனுப்ப அவளென்ன நெல்லு மூட்டையே?" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

கழுவுவதற்கு ஒரு சாத்திரமே வைத்திருந்தார். ஓடிவந்த சூட்டோடு தண்ணீர் படக்கூடாது. முதலில் வேப்பமர நிழலில் ஆற வேண்டும். உருளுகிற சில்லுக்கு மேலே அப்பியிருக்கும் சேற்றைப் பனைமட்டைச் சீவலால் சுரண்ட வேண்டும். தகரத்தால் சுரண்டினால் பெயின்ற் போய்விடும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை ஈர்க்கால் குத்தித் திறக்க வேண்டும். பிறகு கால்மிதியைத் தூக்கி, இருக்கிற இரண்டு கதவையும் அகலத் திறந்து காற்றுவிட வேண்டும். குண்டு போட வரும் பொம்பரின் கண்ணுக்குப் படாமல் எல்லோரும் வாகனத்துக்கு மேல் பனையோலை போட்டு மூடினார்கள். ஓலை ஈரம் பிடிக்குமாம். அத்தான் அதற்கென்று தனியாகப் பந்தல் போட்டார். வீட்டுக் கூரை ஒழுகியது, அது வேறு கதை.

இத்தனை செய்தும் இரும்பைத் தின்னும் கறள் வந்தது. கதவின் கீழ் விளிம்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. கடற்காற்று என்றார். மண்ணெண்ணெய்ப் புகை என்றார். நாவூறு என்று சொல்லி முன்னால் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டினார். கறள் கூடக்கூடக் கழுவலும் கூடியது. காலையில் ஒருதரம், வாடகை போய் வந்தால் இன்னொருதரம். காய்ந்த பிறகு கறுப்புப் பெயின்றில் விபூதி பூசியதுபோல் வெள்ளை படியும். "புழுதி" என்று சொல்லி, அதையும் பக்தியோடு துடைப்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில் நெடுங்கேணியிலிருந்து கௌசலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை விஜிதரன், தகப்பன் வீரகத்தியர், தாய் பத்மாசனி. அக்கா ஒளித்துவைத்திருந்த சீனியெல்லாம் தேத்தண்ணிக்குள் போனது. பத்மாசனி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"குறை நினையாதேங்கோ," என்றாள். "சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியள் போல கிடக்கு."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "எங்கட வீட்டிலை உப்பும் சீனியும் தெரியாமல் ஆரும் வளரேல்லை. இந்தக் கிணத்துத் தண்ணி கற்கண்டு. ஊரே வந்து அள்ளுது."

வீரகத்தியர் குவளையை மெல்லக் கீழே வைத்தார். சம்பந்தம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். மாப்பிள்ளை மட்டும் மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்து முடித்திருந்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

அத்தான் எழும்பி வெளியே போனார். சண்டைக்கு ஆயத்தம் என்று பார்த்தால், கிணற்றடியில் காருக்கென்று நான் அள்ளிவைத்த வாளியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"அம்மா, இதையும் ஒருக்கால் வாயிலை விட்டுப் பாருங்கோ. வடிவாச் சொல்லுங்கோ."

பத்மாசனி பயந்து பயந்து நாக்கை நனைத்தாள். "உதுவும் கரிக்குது அண்ணை. நீங்கள் பழகிப்போனியள். எங்களுக்குத் தொண்டையாலை இறங்காது."

வந்த புதிதில் எங்களுக்கும் கரித்திருக்கும். ஒரு கோடையில் நாக்குப் பழகிவிட்டது. பிறகு அது நல்ல தண்ணீர் ஆகிவிட்டது. அத்தான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கடல்நீரேரியில் ஒருநாள் பட்ட உப்பைப் போக்க, மனுசன் வருடக்கணக்காக உப்புத் தண்ணீரால் அல்லவா அபிஷேகம் செய்திருக்கிறார்! துளையெல்லாம் திறந்து, மூலைமுடுக்கெல்லாம் போகவிட்டு, சாத்திரப்படி.

"அவா சொல்லுறது சரி," என்றார் அக்காவிடம். "எங்கட நாக்குத்தான் செத்துப்போச்சு." எழுந்துபோய்க் காருக்குக் கீழே படுத்து, அடித்தகரத்தை விரலால் அமத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

பெண்ணின் தகப்பன் காருக்குக் கீழே கிடந்து அழுவதைப் பார்த்தபிறகு யார்தான் கோபித்துக்கொண்டு போவார்கள்? வீரகத்தியர் வந்து காலடியில் நின்றார். "எழும்புங்கோ சம்பந்தி. எங்கட கிணறு இளநீர்," என்றார். கலியாணம் அந்த இடத்தில் முற்றாகியது.

அதன்பிறகு காருக்குத் தண்ணீரே காட்டவில்லை. காய்ந்த துணியால் துடைத்தார், அடியில் பழைய என்ஜின் ஒயில் பூசினார், ஓட்டைக்குத் தகரம் வைத்து அடைத்தார். ஆனால் நின்ற இடத்திலேயே கறள் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் தாலி கட்டி முடிய, பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீற்றில் ஏறினார்கள். "தகரத்திலை காலை வையாதை பிள்ளை" என்று நெடுங்கேணி வரைக்கும் மந்திரம்போல் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நாங்கள் ட்ரக்டரில் பின்னால் போனோம்.

நெடுங்கேணியில் இறங்கியதும் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். அத்தான் அதைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, காரை நிழலில் விட்டு, ஆறவிட்டு, கூரையில் தொடங்கினார். சபை முழுக்கப் பார்த்துச் சிரித்தது. கௌசலா சிரிக்கவில்லை. கூறைச்சேலையைச் செருகிக்கொண்டு கிணற்றில் அள்ளிக் கொடுத்தாள். எனக்கு முதல்முறையாக என் உத்தியோகம் போனது.

கதவெல்லாம் காய்ந்த பிறகு காரைப் பூட்டி, திறப்பை மகளின் கையில் வைத்தார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று அக்கா பதறினாள். "சோத்துக்கு என்ன வழி? இப்ப நாங்கள் எதிலை போறது?"

"ட்ரக்டரிலை," என்றார் அத்தான். "குத்தகைக்கு வயல் எடுக்கலாம், சோறு வரும். அங்கை நிண்டால் இது செத்துப்போம். ரெண்டும் நல்ல தண்ணியிலை இருக்கட்டும்."

திரும்பும்போது ட்ரக்டர் பெட்டிக்குள் நெல்லு மூட்டைபோல் ஆடி ஆடி வந்தார்.

மறுநாள் விடிய, பழக்கதோஷத்தில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தேன். அங்கே ஒயில் கறைதான் கிடந்தது. அத்தான் வந்தார், வாளியைப் பார்த்தார், கையால் அள்ளி ஒரு வாய் குடித்தார். உடனே துப்பினார்.

"கரிக்குதடா பரமலிங்கம்," என்றார்.

நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.