பக்கத்து வீட்டு வெல்லம்

தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் அம்சவேணி குடியிருக்கும் சுரங்கத் தொழிலாளர் லைனில் வரிசையாகப் பதினாறு வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. மைன்ஸ் மூடியபிறகு ஒவ்வொரு குடும்பமாகப் பெங்களூருக்குப் போய்விட்டது. அம்சவேணி போகவில்லை. தினமும் போய்த் திரும்புகிறாள். காலை ரயிலைப் பிடித்து, ஒயிட்பீல்டில் ஒரு கம்பெனி கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்து, பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேருவாள். வயது ஐம்பத்து மூன்று.

அவள் கணவர் துளசிராமன் அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். மைன்ஸ் மூடும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. அதற்குள்ளேயே நுரையீரலில் கல் தூசி படிந்துவிட்டது. பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. விழுந்த பக்கத்தில் சூடு வைத்தாலும் அவருக்குத் தெரியாது.

காலையில் அவரைத் துடைத்து, இட்லி ஊட்டி, வலது கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு அம்சவேணி கிளம்புவாள். மத்தியானம் எதிர்வீட்டு வெங்கடம்மா வந்து சாதம் கொடுப்பாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை வெங்கடம்மா வரவில்லை. பேத்தமங்களாவில் உறவுக்காரர் ஒருவர் இறந்துவிட்டார் என்று காலையிலேயே போய்விட்டாள். போகும்போது அம்சவேணிக்கு மூன்று தடவை போன் போட்டாள். அம்சவேணியின் போன் கம்பெனி லாக்கரில் கிடந்தது. வேலை நேரத்தில் கையில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது துளசிராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. அவர் காலின் மேல் இழுத்து மூடியிருந்த போர்வையை விலக்கினாள். இடது முழங்காலிலிருந்து குதிகால்வரை செவ்வெறும்பு. கட்டில் காலில் ஏறி, மெத்தை ஓரமாக வந்து, கால் விரல் இடுக்குகளில் மொய்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலின் அடியில் தோல் பிய்ந்து நீர் கசிந்தது.

வலது கையால் தொடைவரைதான் அவரால் தட்டிவிட முடிந்திருக்கிறது. கத்திப் பார்த்திருக்கிறார். அவருக்கு இருக்கிற மூச்சுக்கு அந்தக் குரல் வாசல்படியைக்கூடத் தாண்டாது.

"கடிக்கறதே தெரில வேணி," என்றார். "காலைலேந்து பாத்துகினே இருந்தேன். அதான் தாங்கல."

அம்சவேணி அழவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இழவுக்குப் போனவளைத் திட்ட முடியாது. லாக்கர் வைத்தவனை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. எறும்புகளைத் துடைப்பத்தால் தள்ளி, செருப்பாலேயே தேய்த்தாள். தரையெல்லாம் சிவந்து போகிற அளவுக்குத் தேய்த்தாள். அண்டா நிறைய வெந்நீர் போட்டுச் சுவர் மூலையில் ஊற்றினாள். விடிந்து பார்த்தால் அதே சுவரில் அதே வரிசை.

லீவு போட்டாள். எறும்பு சாக்பீஸ் வாங்கிவந்து கட்டிலைச் சுற்றிக் கோடு போட்டாள். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கோட்டின் மேலேயே நடந்து வந்தது. அந்த ஆத்திரத்தில் எறும்பு பவுடர் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் முழு பாக்கெட்டையும் கொட்டினாள். பேன் ஓடிக்கொண்டிருந்ததை யோசிக்கவில்லை. துளசிராமனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. உதடு கறுத்துவிட்டது. வெங்கடம்மாவும் அவளுமாகக் கட்டிலோடு அவரை வெளியே இழுத்துப்போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு நாள் முழுக்க ஆக்சிஜன் வைத்தார்கள். தூசி நுரையீரல் உள்ளவர் பக்கத்தில் விஷப் பொடி போடுவாயா, படித்தவள்தானே என்று டாக்டர் அம்மா வார்டே கேட்கிற மாதிரி கேட்டார். அம்சவேணி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். டாக்டர் சொன்னது சரி என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தரையில் குந்தி, எறும்பு எங்கிருந்து வருகிறது என்று வரிசையோடு போனாள். சுவர் ஓரம், பொதுச்சுவரின் அடியில் ஒரு விரிசல், அதற்கு அந்தப்பக்கம் பூட்டிய பக்கத்து வீடு. ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாகேஷ் அந்த வீட்டைக் குடோனாக வைத்திருந்தார். பின்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். யுகாதி வியாபாரத்துக்காக வெல்லப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கீழ்ப்பெட்டிகள் வெயிலில் இளகி, பாகு தரையில் ஓடிக் கிடந்தது. அந்தப் பாகின் மேல் சிவப்புத் துணி விரித்த மாதிரி எறும்பு.

அன்றைக்கே கடைக்குப் போனாள். முதலில் மரியாதையாகத்தான் பேசினாள். அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் நிலைமையைச் சொன்னாள். நாகேஷ் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார். எறும்பு யார் வீட்டில்தான் இல்லை, யுகாதி முடியட்டும், காலி பண்ணிவிடுகிறேன் என்றார். பிறகு தாராள மனசோடு அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்து நீட்டினார். அதே பவுடர்.

அவள் அதைக் கல்லா மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். நான்கு நாள் பொறுத்தாள். புண் சீழ் வைத்தது. யுகாதிக்கு முந்தின நாள் மத்தியானம் துளசிராமனுக்குச் சட்டை போட்டுவிட்டாள். எங்கே என்று அவர் கேட்டார். கட்டு மாற்ற என்றாள். ஆட்டோவை நேராக நாகேஷ் கடைக்கு விடச் சொன்னாள்.

கடையில் நிற்க இடமில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, டிரைவர் ஒரு கை பிடிக்க, அவரை உட்காரவைத்தாள். கால் கட்டை அவிழ்த்தாள். துளசிராமன் வலது கையால் லுங்கியை இழுத்துக் காலை மூடினார். அவள் விலக்கினாள். அவர் மறுபடி மூடினார். அவள் மறுபடி விலக்கினாள். பிறகு அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

வெல்லம் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகேஷ் கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

"உள்ள வாம்மா, பேசிக்கலாம். வியாபார நேரம் இது," என்றார்.

"எனக்கும் வேலைக்குப் போற நேரம்தான் இது, நாகேஷ்," என்றாள். அண்ணா என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. "உன் வெல்லத்த தின்னுட்டு உன் எறும்பு என் வூட்டுக்காரர் கால தின்னுது. உயிரோட இருக்கற ஆள தின்னுது. எல்லாரும் பாத்துட்டு வாங்கட்டும்."

குரல் உயரவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது. ஒரு பெண் எடுத்த வெல்லத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். இன்னொருவர் கன்னடத்தில் நாகேஷைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டு டெம்போ வந்து குடோனைக் காலி செய்தது.

ஆட்டோவில் திரும்பும்போது துளசிராமன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "எறும்பு தின்னப்போ ஒருத்தரும் பாக்கல. இன்னிக்கி பேட்டையே பாத்துச்சி."

"பாக்கட்டும்னுதான் இட்டுகினு போனேன்," என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. ஊட்டினால் சாப்பிட்டார். கேட்டால் தலையை ஆட்டினார். அவளும் விட்டுவிட்டாள்.

ஜெயித்த மாதிரி இருந்தது ஒரு நாள்தான். குடோன் காலியானதும் அங்கே இருந்த எறும்பு மொத்தமும் தீனி தேடி அவள் வீட்டுக்கு வந்தது. முன்னே ஒரு வரிசை. இப்போது மூன்று. அரிசிப் பானை, ரேஷன் சர்க்கரை, மாத்திரை டப்பா, எதையும் விடவில்லை. அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது, வயிறு எரிகிற சிரிப்பு.

மறுபடி வேலைக்குப் போன அன்று கம்பெனியில் பூச்சி மருந்து அடிக்க வரும் துரையைப் பிடித்தாள். அவன் தங்கவயல்காரன், ஆண்டர்சன்பேட்டை. வெந்நீர், சாக்பீஸ், பவுடர் எல்லாம் வெளியே நடக்கிற எறும்பைத்தான் கொல்லும், கூட்டுக்குள் இருக்கிற ராணி இருக்கும்வரை வந்துகொண்டேதான் இருக்கும் என்றான். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் கேளுங்கள், பத்தர்கள் பொன் உருக்கப் போடுவார்களே, அதுதான் என்றான். ஒரு ஸ்பூன் வெங்காரம், மூன்று ஸ்பூன் சர்க்கரை, வெந்நீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்து எறும்பு வரும் வழியில் வைக்க வேண்டும். குழந்தை, நாய், பூனை வாய் வைக்காத இடமாக இருக்க வேண்டும்.

"முக்கியமா ஒண்ணுக்கா," என்றான். "சாப்டுகினு போற எறும்ப தொடாதீங்க. அது தூக்கிகினு போயி கூட்டுல ஊட்டணும். அதுவரைக்கும் நீங்க கைய கட்டிகினு இருக்கணும்."

அதுதான் அவளுக்கு முடியாத காரியமாக இருந்தது. கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தினாள். நான்கு கால்களுக்கும் சோப்புத் தண்ணீர் கிண்ணம் வைத்தாள். போர்வை தரையில் படாமல் சொருகினாள். விரிசல் ஓரம் பஞ்சை வைத்தாள். எறும்புகள் பஞ்சைச் சுற்றி வட்டமாக நின்று, விருந்து சாப்பிடுகிற மாதிரி நிதானமாகச் சாப்பிட்டன. துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் புருஷனைத் தின்ற வாய்க்கு அவளே சர்க்கரை வைக்கிறாள். இரண்டு தடவை துடைப்பத்தை ஓங்கி, கீழே போட்டாள். தினமும் காலையில் பஞ்சை மாற்றினாள்.

ஒன்பதாம் நாள் வரிசை இளைத்தது. இரண்டு வாரத்தில் ஒன்றுகூட இல்லை. சிமெண்ட் குழைத்து விரிசலை அவளே பூசினாள். நாகேஷ் ஆள் மூலம் இரண்டு கிலோ சர்க்கரை கொடுத்தனுப்பினார். அதை வாசலில் நின்றபடியே திருப்பியனுப்பினாள். துளசிராமனின் கட்டைவிரல் நகம் போனது. விரல் தப்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தானாகப் பேசினார். "தாடி அரிக்குது. ஷேவ் பண்ணி வுடு."

வாசலில் உட்காரவைத்து நுரை தடவினாள். ஒரு கன்னத்தை வழித்து முடித்தாள்.

"உன்ன கேக்காம கடைக்கு இட்டுகினு போனது தப்பு," என்றாள்.

"ஆமா."

"கோவம் போச்சாய்யா?"

"இல்ல."

"எனக்கும் போவல," என்று சொல்லி, அவர் முகத்தைத் திருப்பி, அடுத்த கன்னத்தில் பிளேடை வைத்தாள்.