கதவு சாத்திய இரண்டு படுக்கையறை

கல்வராயன் மலைக்கு நானும் மனைவியும், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுமாக ஆறு பேர் போனோம். "ஒரே பெரிய ரூம்பு போதும்ப்பா" என்றான் மகன். ஆறு பேருக்கு ஒரே கழிவறையா என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு படுக்கையறை உள்ள விடுதி வீட்டை எடுக்க வைத்தேன்.

மதியம் மனைவிக்கு மூச்சுத் திணறியது. இன்ஹேலர் மகன் அறையிலிருந்த பெட்டிக்குள் இருந்தது. முழங்கால் வலியால் எழ முடியாமல் ஏழு முறை கூப்பிட்டேன்.

"மாமா எப்பவும் கூப்ட்டுக்கினேதான் இருப்பாரு, வுடுங்க. கூரையில எத்தினி ஓடுன்னு படுத்துக்கினே எண்ணி முடிச்சிருப்பாரு, அத்த சொல்லத்தான் கூப்புடுறாரு" என்று சாத்திய கதவுக்குப் பின்னால் மருமகள் சொன்னது கேட்டது. மகன் சிரித்தான்.

தவழ்ந்துபோய்க் கதவைத் தட்டினேன். மனைவி பிழைத்தாள்.

இப்போது இன்ஹேலர் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. முதியவர்களோடு போகிறவர்கள் ஒரே அறையாக எடுங்கள். இந்த வருடச் சுற்றுலாவுக்கு மகனும் அப்படித்தான் எடுத்திருக்கிறான். நான்கு பேருக்குத்தான் இடமாம். நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கிறோம்.