காசு செல்லாத கடை

காசு வாங்கிக் கல்லாவில் போடுவது சுலபம். காசே வாங்காமல் கடை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது, அன்னதானத்தில் கரண்டி பிடித்தவர்களுக்கெல்லாம் தெரியும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்காக வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் பக்கெட், பாய், கொசுவலை எல்லாம் எங்கள் கடைக்கு வரும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பித்தவர் யோனாஸ், தமிழ் பேசும் வெள்ளைக்காரர். காசும் அரசாங்கமும் இல்லாமல் மனிதர்கள் வாழ முடியும் என்று காட்டுவது அவர் ஆசை. அறையைச் சும்மா கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே நிபந்தனை: காசு புழங்கினாலோ சண்டை வந்தாலோ அறையை வாடகைக்கு விட்டுவிடுவார். சாவி என்னிடம். எட்டாவது படித்தவன், அதிகம் பேச வராது, எண்ணிக்கை மட்டும் தப்பாது.

ஓட்டை

முதல் நாள், அடி அண்ணாமலையில் இருந்து பூ விற்கும் செல்வி வந்தார். பக்கெட் ஒன்றை எடுத்து விலை கேட்டார். விலை இல்லை என்றேன். குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்துப் பார்த்தார். ஒழுகவில்லை. கவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மூன்றாம் முறையும் ஒழுகாததால் முகம் வாடி என்னிடம் வந்தார். "ஓட்டை எங்க இருக்குதுன்னு சொல்லிடுங்க ஐயா, நானே அடைச்சிக்கிறேன்."

ஒன்பது விதிகள்

மறுவாரம் ஒருவர் ஐந்து கொசுவலைகளைச் சுருட்டினார். வீட்டில் எத்தனை பேர் என்றேன். இரண்டு பேர்தான், ஆனால் கொசு ஜாஸ்தி என்றார். அன்றே 'ஒருவருக்கு ஒன்று' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். ஒரு ஜோடி செருப்பு ஒன்றா இரண்டா என்று கேள்வி வந்தது. அதற்கு ஒரு விதி. தினமும் வருகிறவருக்கு ஒரு விதி. வெளியூர் போயிருந்த யோனாஸ் திரும்பி வந்து ஒன்பதையும் நின்று படித்தார். "நான் பத்து நாள்தான் இல்லை ஐயா, அதுக்குள்ள ஒரு அரசாங்கமே கட்டிட்டீங்களே."

டோக்கன்

கூட்டம் நெரிந்தது. அட்டையை வெட்டி, நம்பரும் கையெழுத்தும் போட்டு, வரிசைப்படி உள்ளே வர நாற்பது டோக்கன் கொடுத்தேன். மறுநாள் இருபத்தெட்டுதான் திரும்பி வந்தன. மீதி பன்னிரண்டும் பக்கத்து டீக்கடை முருகனின் டப்பாவில் இருந்தன. ஜனங்கள் டோக்கனைக் கொடுத்து டீ குடித்திருக்கிறார்கள். முன் நம்பருக்கு இரண்டு டீ, பின் நம்பருக்கு ஒன்று. இதைக் காசு மாதிரி எப்படி வாங்கலாம் என்றேன். முருகன் டம்ளர் கழுவுவதை நிறுத்தவில்லை. "ரூபா நோட்டுலயும் ஒருத்தர் கையெழுத்துதானே பெரியவரே இருக்குது? உங்க கையெழுத்து அதைவிடத் தெளிவா இருக்குது."

சைக்கிள்

விஷயம் வீட்டுக்கார அம்மா காதுக்குப் போனது. 'வாடகைக்கு' என்று எழுதிய பலகையோடு வந்துவிட்டார். முருகனிடமிருந்த பன்னிரண்டையும் வாங்கி, நாற்பது டோக்கனையும் எண்ணிக் காட்டி, அவர் முன்னாலேயே கிழித்தேன். அந்த நேரம் பார்த்து, கடைக்கு வந்திருந்த ஒரே சைக்கிளைச் செல்வி ஒரு பக்கமும் முருகன் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மகள் வேங்கிக்காலில் டைப்பிங் வகுப்புக்குப் போக வேண்டும் என்றார் செல்வி. தனக்கு டீ கொண்டுபோக வேண்டும் என்றார் முருகன். அம்மா பலகையை மாட்டச் சுவரில் ஆணி தேடினார்.

"உன் டீ எத்தினி மணிக்குப்பா?" என்றார் செல்வி.

"பத்துக்கு மேல."

"எம் பொண்ணு ஏழுக்குப் போயி ஒன்பதரைக்கு வந்துடுவா. அப்புறம் நீ மிதி. வண்டி உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல, கடையோடது."

முருகன் கையை எடுத்தார். யோனாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஞ்சர் ஆனால் யார் பார்ப்பது என்றார். கீழே கிடந்த டோக்கன் துண்டுகளைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "இதுல கையெழுத்துப் போட்டவரு பாத்துக்கட்டும்."

காசும் அரசாங்கமும் இல்லாமல் நடக்கும் எங்கள் கடையில் விதி போடுவதும் நான், பஞ்சருக்குக் காசு கொடுப்பதும் நான். இதுவரை ஆறு பஞ்சர்.