மூன்று பெட்டித் தோட்டாக்கள்

நான் துவக்கு வாங்கிய செய்தி கேட்ட அன்று பின்னேரமே என் மனைவியின் தம்பி நகரத்தின் மறுமுனையில் இருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலேறி, நாங்கள் இருக்கும் ஸ்டோவ்னருக்கு வந்துவிட்டான். தேத்தண்ணி ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“அத்தான், வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் என்னெண்டால் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள்.”

“அது எல்க் சுட. மரை மாதிரி ஒரு மிருகம்.”

“ஆளைக் கண்டால் ரோட்டுக்கு மற்றப் பக்கத்தாலை போற ஆள் நீங்கள். மரைக்கு முன்னாலை போய் நிப்பியளோ?”

மரை என்னிடம் சுகம் விசாரிக்காது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படியான பதில்கள் எனக்கு ஆள் படியிறங்கிப் போன பிறகுதான் வரும்.

உண்மையில் எனக்கு எல்க் இறைச்சியில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. துவக்கிலும் இல்லை. ஒரு மனிதரின் தொடர்பை விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை ஒரு நோர்வேக்காரர் பிடிப்பார். இருவரும் அதை விரித்து இழுத்து, சூடான உருளைகளுக்குள் கொடுப்போம். பதினொரு வருடம் அப்படி நின்றோம். இயந்திரச் சத்தத்தில் கதைத்தால் கேட்காது. அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்தது. அவருக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மத்தியானத்தில் ஒரே மேசையில் இருந்து பாண் சாப்பிடுவோம். வெளியே பனி கொட்டினால் அவர் யன்னலைப் பார்த்துத் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன்.

ஈஸ்டர் விடுமுறையோடு அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “எங்கள் வேட்டைக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. நீ வேட்டைப் பரீட்சை எழுதினால் வரலாம்” என்றார். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான செய்தி அது. இந்த நாட்டில் காரணம் இல்லாமல் ஒருவரின் வீட்டு மணியை அடிக்க முடியாது. வேட்டைக்குப் போகாவிட்டால் இனி அவரை எங்காவது கடையில் தற்செயலாகக் காண வேண்டியதுதான். கண்டாலும் இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐம்பதை நெருங்கும் வயதில் நோர்வேஜிய மொழியில் மிருகங்களின் காலடிகளையும் பறவைகளின் சிறகுகளையும் பாடமாக்கி, இரண்டாம் தரம் எழுதிப் பரீட்சையில் தேறினேன். அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் வேட்டைக்கு முன்னால் சூட்டுத் தேர்வு ஒன்று உண்டு. நூறு மீற்றர் தூரத்தில் மட்டையில் ஒரு மான் நிற்கும். அதன் நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். ஐந்து வெடியும் அதற்குள் விழ வேண்டும். அதற்கு முன் முப்பது வெடி பழகியதாக மைதானத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

பழைய துவக்கு ஒன்று வாங்கினேன். அதன்மேல் பூட்டிக் குறிபார்க்க, கடையில் இருந்ததிலேயே மலிவான தொலைநோக்கியை எடுத்தேன். கடைக்காரர் விலை கூடிய ஒன்றைக் காட்டி, அதற்குள்ளால் பார்த்தால் தெரியும் வெளிச்சத்தைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டு மலிவானதையே விரலால் காட்டினேன். குசினி மேசையில் துவாயை விரித்து, ஒரு கீறல்கூடப் படாமல் அதைத் துவக்கின்மேல் இரண்டு வளையங்களுக்குள் வைத்து முறுக்கினேன். மனைவி குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வடிவாத்தான் இருக்கு. சுடுமோ?” என்று கேட்டாள்.

எந்தத் தோட்டா நல்லது என்று கண்டுபிடிக்க மூன்று மலிவு வகைகளில் வாங்கினேன். பச்சைப் பெட்டி, வெள்ளைப் பெட்டி, மஞ்சள் பெட்டி. புதன்கிழமைகளில் அந்த நோர்வேக்காரர் தன் பழைய காரில் என்னை ஏற்றி, நகரத்துக்கு வெளியே காட்டுக்குள் இருந்த சூட்டு மைதானத்துக்குக் கொண்டு போவார். நான் ஒரு கொப்பியும் கொண்டு போனேன். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஐந்து சுட்டு, ஓட்டைகள் எங்கே விழுந்தன என்று படம் கீறி வைத்தேன். பள்ளிக்கூடக் காலத்தில்கூட நான் ஒரு கொப்பியை அவ்வளவு துப்புரவாக வைத்திருந்ததில்லை.

பச்சைப் பெட்டி வலப்பக்கம் மேலே போனது. தொலைநோக்கியின் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். அடுத்த முறை அதே பச்சைப் பெட்டி இடப்பக்கம் கீழே போனது. ‘நம்ப முடியாத தோட்டா’ என்று எழுதினேன். வெள்ளைப் பெட்டி முதல் இரண்டையும் வட்டத்துக்குள் போட்டுவிட்டு, மூன்றாவதை மானின் காலடியில் போட்டது. ‘போகப் போகக் கெடுகிறது’ என்று எழுதினேன். மஞ்சள் பெட்டி மட்டை முழுவதும் அம்மைத் தழும்புபோல இறைத்துவிட்டது. அதற்கு எதிரே ‘காற்று?’ என்று எழுதியபோது அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“காற்று இல்லை” என்றார்.

மைத்துனன் தொலைபேசியில் ஒவ்வொரு புதன்கிழமையும் விசாரிப்பான். “அத்தான், மான் இன்னும் உயிரோடைதானே? மட்டை மானைத்தான் கேக்கிறன்.”

மூன்று வாரத்தில் முப்பது வெடிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. தேர்வில் இரண்டு தரம் தோற்றேன். கடைசித் தேர்வு நாளும் வந்தது. அன்றும் தவறினால் அந்த வருடம் குழுவில் என் இடத்துக்கு வேறொருவரைப் போடுவார்கள். போட்டால், அடுத்த வருடம் அந்தப் புதியவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் தரவா போகிறார்கள்?

தேர்வுக்கு முன் சரிபார்க்க மூன்று வெடி வைத்தேன். மூன்றும் மூன்று திசையில் போயின. மைதானப் பொறுப்பாளராக இருந்த முதிய பெண்மணி கம்பளித் தொப்பியை நெற்றிக்கு மேல் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எந்தத் தோட்டா?”

மூன்று பெட்டியையும் காட்டினேன். கொப்பியையும் நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டி மரியாதையோடு பார்த்தார். பிறகு துவக்கை வெறுமையாக்கச் சொல்லி வாங்கினார். தொலைநோக்கியை இரண்டு விரலால் பிடித்து, போத்தல் மூடியைத் திருப்புவதுபோல ஒரு திருப்புத் திருப்பினார். அது வளையத்துக்குள் இலகுவாகச் சுழன்றது.

திருகுகளைக் கழற்றி, தொலைநோக்கியைத் தூக்கினார். அதன் உடம்பைச் சுற்றி, கடையிலிருந்து வந்த மெல்லிய பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. வளையங்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தனவே தவிர தொலைநோக்கியைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அது உறைக்குள் வழுக்கி, தான் நினைத்த இடத்தைப் பார்த்திருக்கிறது.

“இதை ஏன் உரிக்கவில்லை?” என்று கேட்டார்.

எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் தொலைக்காட்சியின் ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பொலித்தீனுக்குள்தான் இருக்கிறது. சோபாவில் இருந்தால் சரசரக்கும். காரின் இருக்கை உறையைக் கார் விற்கும் அன்றுதான் கழற்றினோம், வாங்கியவர் கேட்டதால். ஒரு பொருள் கீறுப்படாமல் இருந்தால்தான் அது எங்களுடையது என்று நம்பும் சனம் நாங்கள். இவ்வளவையும் நோர்வேஜிய மொழியில் சொல்ல எனக்கு வராது.

“புதியது” என்றேன்.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் நோர்வேக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். நல்ல கட்டைக் குரல். பதினொரு வருடத்தில் அவர் சிரிப்பைக் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்பும் சிரித்திருப்பார், இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பெண்மணி உறையை உரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மூன்று வாரமாக நான் தோட்டாக்களைச் சோதிக்கவில்லை, அந்தப் பொலித்தீனைத்தான் சோதித்திருக்கிறேன் என்பது கொப்பியை மூடும்போது விளங்கியது. பச்சைக்கும் வெள்ளைக்கும் நான் செய்த அநியாயத்துக்குப் பரிகாரம் செய்ய நேரம் இல்லை. அந்தப் பெட்டிகளில் ஓரிரண்டுதான் மிச்சம். மஞ்சள் பெட்டியை நான் அதிகம் வெறுத்ததால் அதில்தான் அதிகம் இருந்தது.

தொலைநோக்கியை மீண்டும் இறுக்கி, நாலு வெடி வைத்துத் திருகைச் சரிப்படுத்தினேன். நாலும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. பிறகு தேர்வு. நாலு வெடி வட்டத்துக்குள் விழுந்தன. ஐந்தாவதற்குள் என் கூச்சம் எனக்கு முன்னால் வந்து படுத்துக்கொண்டது. நோர்வேக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்ற நினைப்பில் விசையைப் பறித்து இழுத்துவிட்டேன்.

மூவரும் மட்டையடிக்கு நடந்தோம். ஐந்தாவது ஓட்டை கோட்டில் இருந்தது. பெண்மணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். நிமிர நெடுநேரம் எடுத்தது.

“கோட்டைத் தொட்டால் உள்ளே” என்றார்.

நோர்வேக்காரரின் காரில் திரும்பினோம். ஸ்டோவ்னரில் நான் இறங்கியதும் அவர் கார் யன்னலை இறக்கி, ஒரு நாளும் நேரமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மனைவி குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். “என்ன சொன்னவர்?”

“சனிக்கிழமை விடிய அஞ்சு மணிக்கு வந்து ஏத்துறாராம்.”

“சனிக்கிழமையோ? புரட்டாசிச் சனியப்பா. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாளிலை உயிர் கொல்லப் போறியளோ?”

“என்ரை சூட்டுக்கு அந்த மிருகத்துக்கு ஒண்டும் நடவாது.”

“அது எனக்குத் தெரியும்.” அரிசித் தண்ணீரை ஊற்றினாள். “அந்த மனிசன் என்ன சாப்பிடுவார்?”

“பாண்.”

“வேறை?”

“தெரியாது. நான் கேக்கேல்லை.”

“பதினொரு வருசம் ஒரு மேசையிலை இருந்தனீங்கள்” என்றாள். அரிசியை அடுப்பில் வைத்தாள். “ரெண்டு பேருக்கும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தாறன். உறைச்சால் வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கோ.”