இரண்டு போட்டோவும் அவர்தான்

மஸ்கட்டில் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன இடத்தில் அவரைச் சந்தித்தேன். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்தது. அவருக்குத் திருவெண்ணெய்நல்லூர், எனக்குத் திண்டிவனம். அவர் ஓட்டலில் சமையல்காரர். கேஸ் அடுப்பு வெடித்ததில் இடது பக்க முகம் முழுவதும் வெந்து சுருங்கியிருந்தது. தோற்றம் மாறிவிட்டது என்று உறுதிமொழி எழுதி, புதுப் போட்டோவோடு தரச் சொல்லியிருந்தார்கள்.

பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். பெண்டாட்டியிடம் வீடியோவில் பேசும் முன் எப்போதும் அப்படித்தானாம். பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் போனுக்கு நேராகக் காட்டினார்.

"இதுல உன் புருஷன் யாரு, சொல்லு?"

"ரெண்டும் நீங்கதான். காலையில இருந்து சாப்புடாம உக்காந்துக்கினு இருக்கீங்களா? மூஞ்சே வாடிக் கெடக்குது. ஜல்தியா முடிச்சிட்டுப் போயி சாப்புடுங்க."

அந்த முகத்திலும் அவள் வாட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டு அவர் என்னைக் கேட்டார்.

"உங்களுக்கும் எழுதித் தரச் சொன்னாங்களாண்ணே?"

"இல்லீங்க. போட்டோவப் பாத்துட்டு, மீசைய எடுத்துட்டீங்களான்னு மட்டும் கேட்டாங்க."

"வூட்ல ஒண்ணும் சொல்லலியா?"

மீசை எடுத்து ஒரு மாதமாகிறது. தினமும் வீடியோவில் பேசுகிற என் மனைவி இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

"சொல்லாம இருப்பாளா? ரெண்டு நாளு மூஞ்சி குடுத்தே பேசலீங்க" என்றேன்.

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.